விசில் வராத அவுட்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை எழுதுகிறவர்கள் பொதுவாக ரயிலில் பார்த்த முகம், எதிர்வீட்டுச் சண்டை, எப்போதோ காதில் விழுந்த ஒரு பேச்சு என்று எதையாவது சொல்வார்கள். என்னிடம் அப்படி எதுவும் இல்லை. நேற்று, சனிக்கிழமை, தருமபுரியில் மாநிலப் போட்டிக்குப் போகும் பெண்கள் கபடி அணிக்கு ஆள் எடுத்தார்கள். புள்ளி எழுதும் மேசையில் உட்கார்ந்திருந்தவன், போடக் கூடாத ஒரு கோட்டைத் தாளில் போட்டுவிட்டான். அந்தக் கோடுதான் கதை. அவன்தான் நான்.

ஆனால் 'நான்' என்று எழுத ஆரம்பித்தால் இரண்டாவது பக்கத்திலேயே எனக்கு என்மேல் இரக்கம் வந்துவிடும். இதுவரை எழுதிய பதினோரு கதைகளிலும் அதுதான் நடந்திருக்கிறது. ஆகவே அவனுக்கு மாதவராஜ் என்று பெயர் வைக்கிறேன். முப்பத்தெட்டு வயது. பென்னாகரத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். சொந்த ஊர் ஏரியூர்ப் பக்கம். லீவு நாளில் சிறுகதை எழுதுவான். பெயரைத் தவிர மற்றவையெல்லாம் என்னுடையவை, திட்டுவதற்கு வசதியாக இருக்கட்டும்.

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: 'மைதானத்தின் மேல் பனி மெல்லிய போர்வையாக...' பனியும் இல்லை, போர்வையும் இல்லை. மணி ஒன்பதரை, மண்டை காய்கிற வெயில். அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: 'அந்தப் பெரிய இடத்திலிருந்து ஃபோன் வந்தபோது தேர்வுக் கமிட்டித் தலைவர் வீரமணி டீ குடித்துக்கொண்டிருந்தார்.' இதை எழுதியதும் எனக்கே உற்சாகம் தாங்கவில்லை. நீங்களும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். சிபாரிசு, சாதி, கைமாறிய கவர், ஏமாந்த ஏழைப் பெண் என்று கதை தானாகவே ஓடியிருக்கும். ஆனால் ஃபோன் வரவில்லை. வீரமணி சாரின் ஃபோன் அன்று முழுக்க அவர் பையில் பேசாமல் கிடந்தது. யாரும் யாருக்காகவும் பேசவில்லை, யாரும் எதையும் வாங்கவில்லை. எல்லாம் முறைப்படி நடந்தது. எனக்கு வயிறு எரிவதே அதனால்தான்.

மூன்றாவது தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன்.

எடை போடும் மெஷினுக்கு முன்னால் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அறுபத்தைந்து கிலோவுக்கு மேல் இருந்தால் ஆட முடியாது. அதனால் பாதிப் பேர் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து சாப்பிடவில்லை. அமுதவல்லியும் சாப்பிடவில்லை. அவள் எடை நாற்பத்தொன்பது.

"நீ எதுக்கும்மா பட்டினி கெடந்த?" என்று மாதவராஜ் கேட்டான்.

"அல்லாரும் சாப்புடலன்னாங்க சார். நானும் சாப்புடல."

வேலிக்கு அந்தப் பக்கம் அவள் அம்மா கோவிந்தம்மாள் டிபன் பாக்ஸோடு நின்றுகொண்டிருந்தாள். மெஷினிலிருந்து மகள் இறங்கியதும் மூடியைத் திறந்துவிட்டாள்.

3

அமுதவல்லிக்கு இந்த அணியில் இடம் ஏன் வேண்டும் என்பதை ஒளித்து வைத்து, கடைசியில் எடுத்து வீசும் வித்தை எனக்குத் தெரியும். இங்கே அது வேண்டாம். கோவிந்தம்மாள் வேலியோரம் நின்று மாதவராஜிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"சார், நீங்க ஏரியூருதானுங்களே? நம்ம பக்கத்து ஆளுன்னுதான் கேக்கறேன். ஸ்டேட்டு ஆடுன சர்டிபிகேட்டு இருந்தா சேலத்து காலேஜில ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட்டும் தந்து ஹாஸ்டலும் தர்றாங்களாமே. நெசங்களா?"

"நெசந்தாங்க."

"ஓசூரு கம்பெனியில வரச் சொல்லியிருக்காங்க. செவ்வாக்கெழம வேன் வருது. பிளஸ் டூவ பாதியில வுட்டுட்டுப் போவணும். இது கெடைச்சுதுன்னா அனுப்ப வேணாம்னு அவங்கப்பா ஒத்துக்கினாரு. கெடைக்கலன்னா அவரு வார்த்தய மீற முடியாதுங்க."

"நல்லா ஆடுனா கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு மாதவராஜ் சட்டென்று நகர்ந்தான். ஊர்க்காரியோடு நின்று பேசுவதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அவனுக்குக் கவலை. (இவனை எனக்கு இந்த இடத்திலிருந்தே பிடிக்கவில்லை. கதாநாயகனை மாற்றலாமா என்று யோசித்தேன். வேறு ஆள் கிடைக்கவில்லை.)

4

கபடி தெரியாத வாசகருக்கு இரண்டு வரி. எதிரணியிலிருந்து ஒருத்தி பாடிக்கொண்டு வருவாள். அவள் தொட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டால், தொடப்பட்டவள் அவுட். அவளை மடக்கிப் பிடித்துவிட்டால், பிடித்தவளுக்குப் புள்ளி. தொட்டாளா இல்லையா என்பதை ரெஃப்ரீதான் சொல்ல வேண்டும். அவர் விசில் ஊதிக் கையைக் காட்டினால்தான் அது அவுட். புள்ளி எழுதுகிறவன் ரெஃப்ரீயின் கையைத் தவிர வேறு எதையும் பார்க்கக் கூடாது. இதற்கு ஒரு பரீட்சை உண்டு. மாதவராஜ் அதை மூன்றாவது முயற்சியில் பாஸ் செய்தவன்.

எங்கள் ஏரியூர்ப் பக்கம் ரெஃப்ரீ கிடையாது. கேழ்வரகு அடித்து முடித்த களத்தில் கோடு கிழித்து ஆடுவார்கள். மேலே பட்டுவிட்டால், பட்டவளே கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் உட்கார வேண்டும். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. விசில் ஊத ஆள் வைக்க வழியில்லாத இடத்தில் வந்த பழக்கம் இது. கை தூக்காதவளை அடுத்த ஆட்டத்துக்குச் சேர்க்க மாட்டார்கள், அவ்வளவுதான். மாதவராஜும் அந்தக் களத்தில் ஆடி வளர்ந்தவன்தான்.

அமுதவல்லி இடது மூலையில் நின்றாள். மூலையில் நிற்பவளின் வேலை, வருகிறவளின் கணுக்காலைப் பிடிப்பது. நாற்பத்தொன்பது கிலோவை வைத்துக்கொண்டு அவள் அறுபது கிலோப் பெண்களைக் கீழே சாய்த்தாள். ஒருமுறை கால் கையைவிட்டு நழுவியபோது முழங்கையை மடக்கிக் கொக்கி போட்டு இழுத்தாள். வேலிக்கு வெளியே நின்ற டீக்கடைக்காரர் "அட்ரா சக்கை" என்று கத்தினார். எட்டுப் பிடி. எழுதும்போது மாதவராஜின் கை சந்தோஷமாகவே எழுதியது, அதை மறைக்கவில்லை.

இரண்டு முறை அவுட் ஆனாள். இரண்டும் விசில் ஊதிக் கொடுத்தவை.

மூன்றாவது இப்படி நடந்தது. எதிரணிப் பெண் பாடிக்கொண்டு வந்து வலது மூலைப் பக்கம் போனாள். தாண்டினால் கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டுக்கு அப்பால் அவள் கால் விழுகிறதா என்று ரெஃப்ரீ சென்றாயன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். விழவில்லை. அவள் திரும்பி ஓடும்போது, வீசிய கையின் விரல்நுனி அமுதவல்லியின் தோளில் பட்டது. பட்டது என்று அந்தப் பெண்ணுக்கே தெரியாது. சென்றாயன் பார்க்கவில்லை. விசில் வரவில்லை.

அமுதவல்லி கையைத் தூக்கினாள். எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய் உட்கார்ந்தாள்.

மாதவராஜின் பேனா 'அவுட்' கட்டத்தில் ஒரு கோடு போட்டது.

குறிப்பு: 'பேனா போட்டது' என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள். பேனா தானாகவா போடும்? அவன் ரெஃப்ரீயின் கையைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தான். கை தூக்கினால் அவுட் என்பது அவனுக்கும் சின்ன வயதிலேயே உடம்பில் ஊறிப்போனது. சென்றாயன் நிமிர்ந்தபோது ஆள் ஒன்று குறைந்திருந்தது. அவர் மேசையைப் பார்த்தார். மாதவராஜ் எழுதிக்கொண்டிருப்பது தெரிந்தது. நாம்தான் கொடுத்திருப்போம்போல என்று அவரும் ஆட்டத்தை நடத்திவிட்டார்.

5

சாப்பாட்டுக்குப் பிறகு கமிட்டி உட்கார்ந்தது. பன்னிரண்டு பேர் வேண்டும். பதினோரு பெயர் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. பன்னிரண்டாவது இடத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள், அமுதவல்லியும் அன்ஜுமும். அன்ஜும் தருமபுரி டவுன் பெண்.

(முதல் வரைவில் அன்ஜுமை ஒரு வசதியான வீட்டுப் பெண்ணாக்கி, பட்டதை மறைத்தாள் என்று எழுதியிருந்தேன். கலப்படமில்லாத பொய். அவள் அப்பா சலாவுதீன் பைக் மெக்கானிக். கையில் கிரீஸோடு மைதானத்துக்கு வந்து கடைசிவரை நின்றுகொண்டே பார்த்தார். அவள் எதையும் மறைக்கவில்லை. அவள் செய்த ஒரே காரியம் நன்றாக ஆடியது. அவள்மேல் ஒரு கறையைப் பூசிவிட்டால் நீங்கள் அமுதவல்லிக்காக நிம்மதியாக வருத்தப்படலாம். அந்த நிம்மதியை உங்களுக்குத் தர எனக்கு மனமில்லை.)

பிடித்த கணக்கில் அவுட்டைக் கழித்துப் பார்ப்பது கமிட்டியின் முறை. அமுதவல்லி எட்டுப் பிடி, மூன்று அவுட். அன்ஜும் ஏழு பிடி, இரண்டு அவுட்.

"ரெண்டும் அஞ்சுக்கு அஞ்சு" என்றார் வீரமணி சார். "ஈக்வலா வந்தா அவுட்டு கம்மியா இருக்கறவங்கதான். எழுதுப்பா, அன்ஜும்."

மாதவராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மூன்றாவது கோட்டுக்கு விசில் இல்லை. விசில் இல்லாவிட்டால் கோடு இல்லை. கோடு இல்லாவிட்டால் ஆறுக்கு ஐந்து. இடம் அமுதவல்லிக்கு.

"சார், ஒரு..."

"என்னாப்பா?"

இந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று காலையிலிருந்து எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன். 'சார், ஒரு தப்பு நடந்துபோச்சு.' 'சார், ஒரு அவுட்டு நான் பாத்து எழுதல.' 'சார், ஒரு நிமிஷம்.' எதுவும் மேசையில் நடக்கவில்லை. நடந்தது இதுதான்:

"ஒண்ணுமில்லீங்க சார்."

தப்பாக எழுதினேன் என்று சொன்னால் இனி மேசைக்குக் கூப்பிட மாட்டார்கள். ஊர்க்காரப் பெண்ணுக்காகக் கோட்டை அழிக்கிறான் என்பார்கள். இந்த இரண்டு பயமும் அவன் வாயை அடைத்தன. கோழை என்று ஒரே சொல்லில் எழுதியிருக்கலாம், எழுதிவிட்டேன்.

வீரமணி சார் தாளை மடித்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் புள்ள நல்லாதான் புடிக்கறா. ஆனா தானா கையத் தூக்கினு போறவள ஸ்டேட்டுக்குக் கூட்டினு போயி நாம என்னா பண்றது? அங்க ஒவ்வொரு பாய்ண்டும் சண்ட போட்டு வாங்கணும். திங்கக்கெழம அஞ்சு மணிக்குப் பேரு ஏத்திருவோம். அதுக்குள்ள யாருக்காவது அப்ஜெக்ஷன் இருந்தா எழுதிக் குடுங்க."

6

பட்டியலை வாசித்தார்கள். அமுதவல்லியின் பெயர் 'ஸ்டாண்ட் பை'யில் வந்தது. ஸ்டாண்ட் பைக்கு சர்டிபிகேட் கிடையாது. அது தெரியாமல் கோவிந்தம்மாள் கை தட்டினாள். பக்கத்தில் நின்றவர்கள் விளக்கிச் சொன்ன பிறகு நிறுத்தினாள்.

அமுதவல்லி நேரே மேசைக்கு வந்தாள். மாதவராஜ் தாள்களை அடுக்குவதுபோல் கையை வேலையாக வைத்துக்கொண்டான்.

"சார், ஒரு பாய்ண்டுலயா போச்சு?"

"ஆமாம்மா. அவுட்டு ஒண்ணு கூட."

"மூணாவதா போனேனே, அதுங்களா?"

அவன் நிமிர்ந்தான். "அதுக்கு விசிலு வந்துதா?"

"வரலீங்க சார்."

"அப்பறம் ஏம்மா போன?"

அவள் அவனைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கேள்வி புரியவில்லை என்பதுபோல் பார்த்தாள். "பட்டுச்சுங்களே சார்" என்றாள்.

கோவிந்தம்மாள் வந்து, காலையில் மகள் பாதி வைத்திருந்த டிபன் பாக்ஸை மூடிப் பையில் வைத்தாள். "போவலாம் வா. ஏரியூரு வண்டி போயிரும்" என்றாள். மாதவராஜிடம் "வர்றோமுங்க சார்" என்று சொல்லிக்கொள்ளவும் மறக்கவில்லை. அந்த மரியாதை அவனுக்கு அறை விழுந்ததுபோல் இருந்தது.

7

ஞாயிற்றுக்கிழமை மதியம். இனி முடிவு. சில முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

மாதவராஜ் பட்டியல் வாசிக்கும்போதே எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறான், மைதானமே கைதட்டுகிறது. இந்த மாதிரி மனிதர்களை நான் நான்கு கதைகளில் எழுதியிருக்கிறேன். ஒருவரைக்கூட நேரில் பார்த்ததில்லை.

அல்லது பயிற்சி முகாமில் அன்ஜுமுக்குக் கால் பிசகி, ஸ்டாண்ட் பையில் இருப்பவளைக் கூப்பிடுகிறார்கள். ஒரு பெண்ணின் காலை உடைத்து இன்னொரு பெண்ணுக்கு நியாயம் வழங்கும் அளவுக்கு நான் பெரிய எழுத்தாளன் ஆகிவிட்டேன்.

அல்லது பல வருடம் கழித்து ஓசூர் பஸ் ஸ்டாண்டில், கம்பெனி சூப்பர்வைசர் அமுதவல்லி "சார், நல்லா இருக்கேனுங்க" என்கிறாள். இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. என் பாவத்தைக் கழுவ அவளையே தண்ணீர் எடுத்துவரச் சொல்கிறேன் என்று புரிந்ததும் கிழித்துப் போட்டேன்.

கடைசியில், முடிவை எழுதாமல் வாசகர் கையில் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்து, அதுவரை எழுதியதை என் மனைவி சசிகலாவிடம் காட்டினேன். பூண்டு உரித்துக்கொண்டே படித்தாள். ஈர விரல் பட்டு இரண்டு இடத்தில் மை கலைந்தது.

"இது நேத்து நடந்ததுதானே?"

"ஆமா."

"முடிவு எங்க?"

"வாசகர் கையில வுட்டிருக்கேன்."

"வாசகரு வந்து நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள லெட்டர் குடுப்பாரா?"

அவள் தாள்களைத் தட்டி அடுக்கித் திருப்பித் தந்தாள். "இத்தன பக்கம் எழுதக் கை வருது. அங்க ஒரு வரி எழுதக் கை வரல. நல்லா இருக்குங்க உங்க எழுத்து" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

8

திங்கட்கிழமை. இந்தப் பகுதியில் மாதவராஜ் இல்லை. கமிட்டிக்கு அவன் பெயரில் கடிதம் எழுத முடியாது என்பதால் அவனை அனுப்பிவிட்டேன்.

பள்ளியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். சட்டைப் பையில் கடிதம் இருக்கிறது. நான்கே வரி. விசில் வராத ஓர் அவுட்டை நான் தவறுதலாக எழுதிவிட்டேன், அதை நீக்கிக் கணக்குப் பார்க்க வேண்டும், கீழே என் சொந்தப் பெயர், கையெழுத்து. மணி மூன்று முப்பத்தைந்து. தருமபுரி பஸ் எடுக்கப் பத்து நிமிடம் இருக்கிறது. போய்ச் சேர ஒரு மணி நேரம்.

வீரமணி சாரை எனக்கு நன்றாகத் தெரியும். கடிதத்தைப் படித்ததும் ஃபோனை எடுத்து நேரே அந்தப் பெண்ணையே கேட்பார். ரெஃப்ரீக்கு ஞாபகம் இருக்காது, எனக்கோ ஊர்க்காரன் என்ற பெயர். அவளைத்தான் கேட்பார்: "ஒம்மேல பட்டுச்சா, படலியா?" படவில்லை என்று அவள் சொல்லிவிட்டால் போதும், சலாவுதீன் மகளின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள், இவளுக்கு இடம் கிடைத்துவிடும். பட்டுச்சு என்றால், பட்டதை இல்லையென்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறான் என்று கடிதத்தைக் கிழித்துப் போடுவார். விதி அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவர் விதியைப் படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறவர் இல்லை.

அதனால் பெயர்ப் பதிவுத் தாளில் இருந்த கோவிந்தம்மாளின் நம்பருக்கு நானே ஃபோன் போட்டேன். மகள்தான் எடுத்தாள். பின்னால் டிரங்குப் பெட்டியை யாரோ இழுக்கும் சத்தம் கேட்டது.

"நாளைக்குக் கௌம்பறியாம்மா?"

"ஆமாங்க சார். காலையில ஆறு மணிக்கு வேனு."

விஷயத்தைச் சொன்னேன். கோட்டைப் போட்டது என் தப்பு என்று வாய்விட்டுச் சொன்னேன். அவள் மூச்சை இழுப்பது கேட்டது. பிறகு தாளமாட்டாமல் கேட்டாள்: "அப்ப எனக்குக் கெடைக்குங்களா சார்? காலேஜுக்குப் போவலாமுங்களா?"

"கெடைக்கும். ஆனா வீரமணி சார் ஒன்னக் கேப்பாரு. பட்டுச்சான்னு."

"பட்டுச்சுங்களே சார்."

"ரெஃப்ரீ குடுக்கல இல்ல?"

"குடுக்கல. ஆனா பட்டுச்சு."

"தெரியும்மா. அத சொல்லாத."

பெட்டிச் சத்தம் நின்றுவிட்டது. அம்மாவும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது. என் பிளஸ் டூ வகுப்புப் பெண்களுக்கு ஒழுங்கைப் பற்றிப் பிரேயரில் பேசுகிற வாய்தான் இது. பதினேழு வயதுப் பெண்ணுக்குச் சொல்லித் தர ஒரு பொய்யைத் தவிர அதனிடம் வேறு ஒன்றும் இல்லை. அந்தப் பொய்யும் இல்லாவிட்டால் காலையில் ஆறு மணிக்கு வேன்.

"அப்பறம் என்னா சார் சொல்றது?" என்று கேட்கிறாள்.

கிண்டலாகக் கேட்கவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்கிற பிள்ளையைப்போலத்தான் கேட்கிறாள். நான் எதைச் சொன்னாலும் அப்படியே சொல்லிவிடுவாள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. டிரைவர் ஏறிவிட்டார். கண்டக்டர் கையைக் காட்டிக் கூப்பிடுகிறார். இந்த நேரத்திலும் பாருங்கள், ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவள் இன்னும் லைனில்தான் இருக்கிறாள். "சார்? சார்?" என்கிறாள். எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் பேசுங்கள்.